பாப்பாவுக்கு, அந்த ரொட்டி டப்பாவைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

சிக்காகோவில் இன்றைக்கு மைனஸ் 12 என்று அப்பா காலையிலேயே பார்த்துச் சொன்னார். அந்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ. நன்றாக இல்லை என்று அலமாரியில் தொங்கவிடாதே.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய மெசேஜை அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இருந்ததே ஒரு வரி. வேலை அதிகம் என்று தெரியும். ஆனால் பரீட்சை நடந்த நாட்களில்கூட, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் காருக்கு வருவதற்குள் உன் போன் வந்துவிடும். ஐந்து வாரமாக வரவில்லை.

அத்தை வந்துவிட்டுப் போனார்கள். வீட்டு விஷயம் பழையபடிதான், அப்பாவிடம் நீயாக எடுக்காதே. கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிருக்குப் பயந்து உள்ளே வைத்திருக்கிறோம். வேறு சேதி இல்லை.

தம்பி நன்றாக இருக்கிறாரா? தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு உன்னோடு வந்தபோது அவர் கொண்டுவந்த இனிப்பு ரொட்டி டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அவருடைய அம்மா சுட்டது என்று சொன்னாய். அடுப்பங்கரைக்குப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.

அன்றைக்கு விருந்தில் நான் வேண்டுமென்று அவரை மெக்ஸிகன் என்று சொல்லவில்லை. ஹூஸ்டனில் ஸ்பானிஷ் காதில் விழுந்தால் அந்தச் சொல்தான் எல்லார் வாயிலும் வருகிறது. எல் சால்வடோர், ஹோண்டுராஸ், கொலம்பியா என்று எங்கிருந்து வந்தவரானாலும் அதே பெயர்தான். அவர் எவ்வளவு பொறுமையாக, "ஆண்ட்டி, நான் பிறந்தது இதே ஹூஸ்டன்தான், குடும்பம் குவாத்தமாலா" என்றார். நல்ல வளர்ப்பு. நீ அவர் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெற்ற தாயை நாலு பேர் முன்னால் அப்படிப் பார்க்கலாமா?

என்னையும் கிளினிக்கில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இருபது வருஷம் என்னென்னவோ சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கழுத்தில் பனிமய மாதா பதக்கம் தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டே "நீங்கள் இந்தூவா?" என்பார்கள். ஸ்பானிஷில் அதை 'hindú' என்று எழுதுவார்கள், முதல் எழுத்து H-க்குச் சத்தம் கிடையாது, அதனால் நம் ஊர் 'இந்து' போலவே விழும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். "நோ, சோய் கிறிஸ்தியானா", இல்லை, நான் கிறிஸ்தவள் என்பேன். உடனே "ஓ, கத்தோலிக்கர் இல்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் பக்கம் கிறிஸ்தியானா என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் பெந்தெகொஸ்தே மாதிரி சபைக்குப் போகிறவர் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்களாம்.

அப்புறம் எல் சால்வடோர்க்கார அக்கா ஒருவர்தான் விளக்கினார். இந்தூ என்றால் அவர்களுக்கு இந்தியாக்காரர், அவ்வளவுதான். 'இந்தியோ' என்ற சொல்லைக் கொலம்பஸ் காலத்தில் அந்தக் கண்டத்துப் பூர்வகுடிகள் மேல் ஒட்டிவிட்டார்கள், இன்று அது வசவு. அந்த வசவு என் மேல் படக்கூடாது என்றுதான் மரியாதையாக இந்தூ என்றிருக்கிறார்கள். நான் அத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரு நாட்டு நர்ஸ் ஒருவர் தான் பேசுவது 'கஸ்தெயானோ' என்றபோது அது வேறு மொழி என்றே நினைத்தேன். அது ஸ்பானிஷுக்கே இன்னொரு பெயர். ஸ்பெயினின் 1978 அரசியல் சாசனமே ஸ்பானிஷை அப்படித்தான் எழுதியிருக்கிறது. கத்தலானும் பாஸ்க்கும் ஸ்பெயினின் மொழிகள்தானே, ஒன்றுக்கு மட்டும் நாட்டின் பெயரைக் கொடுத்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? அர்ஜென்டினாவில் சிரியா, லெபனான் குடும்பங்களைத் துருக்கர் என்பார்களாம், துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுக் காகிதத்தோடு கப்பலில் வந்து இறங்கியதால். 2010 கணக்கெடுப்புப் படிவத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு சேர்ந்து நிரப்பிய டொமினிக்கன் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஹிஸ்பானிக்கா, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்தவரா என்று ஒரு கேள்வி, இனம் என்ன என்று தனியாக இன்னொன்று. அந்த இரண்டாவதில் அவளுக்கு இடமே தெரியவில்லை. நமக்கு 'ஏஷியன் இண்டியன்' என்று நாட்டையே இனமாக்கிக் கட்டம் போட்டிருந்தார்கள். 1930இல் மெக்ஸிகன் என்பதையும் இப்படி ஒரு இனமாக எழுதிவிட்டு அடுத்த கணக்கெடுப்பில் எடுத்துவிட்டார்களாம்.

இதெல்லாம் தெரிந்தவள் அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினாள் என்றுதானே நினைக்கிறாய். மெக்ஸிகன் என்றது வாய்ப்பழக்கம். அடுத்ததாக நான் கேட்டதுதான் உன்னை வாயடைக்க வைத்தது, எனக்குத் தெரியும். "அம்மாவுக்கு வீட்டில் கிச்சேதான், தோத்தோனிகப்பான் பக்கம்" என்று தம்பி சொன்னார். கிச்சே என்பது குவாத்தமாலாவின் பூர்வகுடிகளான மாயா மக்களின் மொழிகளில் ஒன்று. "அது ஸ்பானிஷோட டயலெக்ட்டா?" என்றேன். நீ முள்கரண்டியைக் கீழே வைத்தாய்.

தெரியாமல் கேட்கவில்லை பாப்பா. அந்த ஊர்ப் பெயரை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. கேட்டதும் நெஞ்சு படபடத்து, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

நீ பத்தாவது படித்த வருஷம். "எங்கம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியும்" என்று நீ வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். கிளினிக்குக்கு ஒரு பெண் காதுவலிக் குழந்தையோடு வந்தாள். படிவத்தில் மொழி என்ற இடத்தில் ஸ்பானிஷ் என்று நானே டிக் போட்டேன். கேட்கவில்லை. டாக்டர் எழுதிய ரோஸ் நிற மருந்தை, ஐந்து மில்லி, இரண்டு வேளை, காதுக்கு என்று என் ஸ்பானிஷில் அழகாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சி, சி", ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினாள்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் அந்த ரோஸ் மருந்து காய்ந்து ஒட்டியிருந்தது, காது முடியெல்லாம் பிசுபிசுப்பு. நான் சொன்னதில் 'காது' என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. கரண்டியில் எடுத்துக் காதிலேயே ஊற்றியிருக்கிறாள்.

டாக்டர் யார் விளக்கியது என்று கேட்டார். நான் தெளிவாகத்தான் சொன்னேன், தாய்தான் கவனிக்கவில்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அன்று கூட வந்திருந்த மூத்த பெண், எட்டு வயது இருக்கும், என் சட்டையைத் தொட்டு, "எங்கம்மாவுக்கு ஸ்பானிஷ் வராது, லெங்குவாதான் பேசுவாள்" என்றாள். லெங்குவா என்றால் வெறும் 'மொழி'. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றுகூட வெளியில் சொல்லப் பழக்கவில்லை அந்தப் பிள்ளையை. எந்த ஊர் என்று கேட்டேன். தோத்தோனிகப்பான் என்றாள். அதையும் டாக்டரிடம் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், உன் படிப்புச் செலவு, எல்லாம் இருந்தது. ஆனாலும் நான் செய்தது பொய். குழந்தைக்குச் சரியாகிவிட்டது. 'தாய் சொன்னபடி கேட்கவில்லை' என்ற வரி அந்த ஃபைலில் இன்னும் இருக்கும்.

அன்று ராத்திரி தேடி வாசித்தேன். குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22. கிச்சே பேசுகிறவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஸ்பெயின்காரன் கப்பல் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்த மொழி. ஸ்பானிஷ் பேசுகிறவர்களே அதை 'தியலெக்தோ', அதாவது டயலெக்ட், ஒரு மொழியே இல்லை என்று ஒதுக்குவார்களாம். 1960இலிருந்து 1996 வரை அங்கே நடந்த போரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் செத்தோ காணாமலோ போனார்கள், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று ஐ.நா. ஆதரவோடு அமைத்த ஆணையம் 1999இல் எழுதியிருக்கிறது. இத்தனையும் தெரிந்துகொண்டு, அந்தப் பிள்ளை தன் தாயின் மொழியைப் பெயர் சொல்லிச் சொன்ன இடத்தில் நான் அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்தேன். "நீங்கள் ஹிந்து மொழி பேசுவீர்களா" என்று யாராவது கேட்டால் எனக்கு எப்படிக் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும்.

அப்பாவுக்குக்கூட இது தெரியாது. நீயே சொல்லிவிடாதே, நான் சொல்கிறேன்.

யாரையும் கேட்டுவிட்டு அப்புறம் பெயர் சொல் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான். நீ கற்றுக்கொண்டாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்காகப் போனை எடுக்காமல் இருக்காதே.

தம்பியிடம் நானே பேசுகிறேன். நீ முன்கூட்டி எதுவும் சொல்ல வேண்டாம். நம்பர் மட்டும் அனுப்பு. கிச்சேயில் நன்றிக்கு 'மல்தியோஷ்' என்று கண்டுபிடித்திருக்கிறேன், உச்சரிப்பு சரியா என்று அவரிடம் கேள். அவருடைய அம்மாவுக்கு ஸ்பானிஷ் எவ்வளவு வரும் என்றும் கேள். அவர்களாகவே சொல்லட்டும், நீ ஊகித்துச் சொல்லாதே.

டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. சனிக்கிழமை அச்சுமுறுக்கு சுடப் போகிறேன். இதே ஊரில் இருபது நிமிஷத் தூரத்தில் அவர்கள் வீடு, நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். இல்லை, நீ வந்தபிறகு சேர்ந்து போவதுதான் முறையா? வெள்ளிக்கிழமைக்குள் சொல். கோட்டுப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா