எங்கள் மேற்கு எப்படிக் கிழக்கானது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையில், ‘மத்திய கிழக்கில் உள்ள ஈரான், துருக்கி உள்ளிட்ட அரபு நாடுகள்’ என்றொரு தொடரைக் கண்டேன். ஈரானியரின் ஆட்சிமொழி பாரசீகம் என்பதும், துருக்கியில் பேசப்படுவது துருக்கி மொழி என்பதும் நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியவை அல்ல. அச்சுக்குப் போகும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘மத்திய கிழக்கு’ அவசரத்தில் வந்ததன்று. நான் தங்கள் இதழைப் படிக்கத் தொடங்கிய நாள்முதல் அது அங்கேயே குடியிருக்கிறது.

யாருக்கு ஐயா அது கிழக்கு? நான் கீழக்கரைக்காரன், ஊர்ப்பெயரிலேயே கிழக்கை வைத்திருப்பவர்களுக்குத் திசை குழம்புவதில்லை. எங்கள் பள்ளிவாசல்களில் ஐந்து வேளையும் மக்கா இருக்கும் மேற்கு முகமாக நின்றே தொழுகிறோம். சபராளியாக, அதாவது பிழைப்புக்காக அயல்நாடு போனவனாக, 1984 முதல் 2006 வரை சவுதியின் தம்மாம் நகரில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அங்குள்ள நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிப் பார்த்த பிறகே எண்ணைச் சுழற்றுவேன். கீழக்கரையில் வெயில் ஏறிய பிறகு விடிகிற ஊரைக் கிழக்கு என்று தமிழில் எழுத எப்படி மனம் வருகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

லண்டனில் இருப்பவருக்கு அது கிழக்குதான். மஹான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1902இல் லண்டன் இதழ் ஒன்றில் பாரசீக வளைகுடாப் பகுதியைக் குறித்து எழுதிய கட்டுரையால் பரவிய பெயர் இது. இந்தியாவுக்கு வரும் வழி பிரிட்டனின் பிடியை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அதாவது, நம்மைக் காபந்து பண்ணி வைத்துக்கொள்ள அவர்கள் புழங்கிய பெயரை நாம் இன்னும் நன்றியோடு அச்சிடுகிறோம்! நம் வெளியுறவு அமைச்சகமோ மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா என்றே பிரிவு வைத்திருக்கிறது. எகிப்தை எதில் சேர்ப்பது என்ற தங்கள் உதவி ஆசிரியர்களின் சங்கடமும் அதில் தீர்ந்துவிடும். அரபிகளே ‘அஷ்ஷர்க்குல் அவ்ஸத்’ என்று அதே பெயரைச் சொல்கிறார்களே என்று தாங்கள் கேட்கலாம். சொல்கிறார்கள்; அது அவர்கள் பாடு.

திசை மட்டுமே தவறென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரான் நகரில் இருந்த அமெரிக்கப் படைக் குடியிருப்பின்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் மாண்டபோது, நான் பக்கத்திலேயே தம்மாமில் இருந்தேன். என் மைத்துனர் ஜித்தாவில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு குறையுமின்றி இருந்தார். ‘மத்திய கிழக்கில் ஏவுகணைத் தாக்குதல்’ என்ற தலைப்பை ஊரில் ஒருவர் உரக்கப் படித்திருக்கிறார். என் வீட்டிலும் மைத்துனர் வீட்டிலும் ஒரே அழுகை. எந்த நாடு, எந்த நகரம் என்று முதல் வரியிலேயே இருந்திருந்தால் மைத்துனரின் மனைவியாவது அன்றிரவு உறங்கியிருப்பார். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட ‘பேரன் குவைத்தில் இருக்கிறான்’ என்று துல்லியமாகச் சொல்கிறார். படித்தவர்கள் நடத்தும் பத்திரிகைக்குத்தான் எல்லாம் ஒரே மணல்மேடு.

2003இல் ஈராக் போரின்போதும் இதைப் பற்றித் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறு வாரமே ‘மத்திய கிழக்கு: ஒரு பார்வை’ என்று பக்கம் முழுக்க ஒரு கட்டுரை வந்தது, அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்லும்போது ‘மேற்கு ஆசியா’ என்று எழுதுங்கள். செய்தி ஒரு நாட்டைப் பற்றியதாயின் அந்த நாட்டின் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள். ஈரானும் துருக்கியும் அரபு நாடுகள் அல்ல என்று இரண்டு வரித் திருத்தமும் வேண்டும். இடநெருக்கடி என்றால் இக்கடிதத்தை விட்டுவிட்டு, திருத்தத்தை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கீழக்கரை