யாரைப் பின்தொடரலாம் என்கிறீர்கள், ஏன் என்று சொல்வதில்லை

மதிப்பிற்குரிய புகைப்பட ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதலில் உங்கள் வேலையின் பெயரைப் பற்றி ஒரு சின்ன அங்கலாய்ப்பு. போட்டோ எடிட்டர் என்றால் முகத்துப் பருவைத் துடைத்து வானத்தை நீலமாக்கித் தருகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் செய்வது அதுவல்ல. ஆயிரம் படங்கள் வந்து குவியும் இடத்தில் உட்கார்ந்து, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுக்கிறீர்கள். மறுநாள் எங்கள் கண்ணில் படுவது அந்த ஒன்றுதான். ஒதுக்கியவை இருந்தன என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதனால்தான், சமூக ஊடகத்தில் யாரையெல்லாம் பின்தொடரலாம் என்று உங்களில் ஒருவர் பட்டியல் போட்டால் நான் விடுவதே இல்லை. பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் கைகாட்டுகிறார், அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க முடியுமா?

ஆனால் அண்மையில் படித்த பட்டியல் ஒன்று என்னை இந்த மடலை எழுத வைத்துவிட்டது. இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி. ஒளியோடு விளையாடுகிறவர், மனித உணர்வுகளைப் படம்பிடிப்பவர், எனக்கு எப்போதும் உத்வேகம் தருபவர் என்ற ரகம். வரிகளை மட்டும் கலைத்துப் போட்டால் எது யாருக்கு என்று எழுதியவருக்கே அடையாளம் தெரியாது. இருந்தாலும் நம்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இருபத்திரண்டு தடவை நீலப் பொத்தானை அழுத்தினேன். அடுத்த ஒரு வாரத்தில் என் ஃபீடுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். மிச்ச இடத்தை நான் கேட்காத ரீல்ஸ் பிடித்துக்கொண்டது. அதில் ஒருவர் லென்ஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்து முடிக்கவே இல்லை.

இதில் உங்கள் தவறு பாதிதான். இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தபோது, பின்தொடர்கிறவர்களின் படங்கள் அவர்கள் போட்ட வரிசையிலேயே வரும். 2016இல் அந்த வரிசையை மாற்றி, எது முதலில் வர வேண்டும் என்பதைச் செயலியே முடிவுசெய்யத் தொடங்கியது. 2021இல் அதன் தலைவர் ஆடம் மொசேரியே, இது இனி படம் பகிரும் செயலி அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆக, ஒருவரை ஃபாலோ செய்வதற்கும் அவர் படத்தைப் பார்ப்பதற்கும் நடுவில் இப்போது பெரிய இடைவெளி. அதைத் தாண்ட வேண்டுமென்றால் நானாக அவர் படங்களைத் தேடிப் போக வேண்டும். அப்படிப் போகவைக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டுவிடுகிறீர்கள்.

காரணம் என்று எதைச் சொல்கிறேன்? சில வருடங்களுக்கு முன் உங்களில் ஒருவர், தான் பரிந்துரைத்த ஒருவரைப் பற்றி எழுதும்போது ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டார். ஒரு சமையலறை, மேசையைச் சுற்றி மூன்று பேர். அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், லைக்கும் போட்டிருக்கிறேன். ஆசிரியர் சொன்னது இவ்வளவுதான்: தட்டுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணினேன். நான்கு. பிறகு, வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் சிறுமி எங்கே பார்க்கிறாள் என்று கவனிக்கச் சொன்னார். கதவைப் பார்க்கிறாள். அந்த மேசையைப் பதினொரு பிரேம் எடுத்து அனுப்பியிருந்தாராம் புகைப்படக்காரர். பத்தில் சிறுமி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். எல்லாமே கச்சிதமான படங்கள். ஆசிரியர் எடுத்தது பதினொன்றாவது.

அன்றைக்கு நான் ஒரு புகைப்படக்காரரைக் கண்டுபிடித்தேன் என்பதைவிட, பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் சரி. லைக் போட்ட விரலுக்கு நாலாவது தட்டு தெரியவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

உங்கள் தொழிலின் சரித்திரமே இந்த மாதிரித் தீர்ப்புகளால் ஆனதுதான். 1935 முதல் அமெரிக்க அரசுக்காகக் கிராமப்புற வறுமையைப் படமெடுக்க டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ் போன்றவர்களை அனுப்பிய ராய் ஸ்ட்ரைக்கர், வேண்டாம் என்று முடிவுசெய்த நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுவார். அவற்றை இன்று அச்சிட்டால் ஒருவரின் முகத்திலோ வயல்வெளியின் நடுவிலோ கரிய வட்டம் ஒன்று நிற்கிறது. கொடுமையான பழக்கம், புகைப்படக்காரர்களே கொதித்தார்கள். ஆனாலும் அந்தக் கறுப்பு வட்டங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு: இங்கே ஒருவர் முடிவெடுத்திருக்கிறார், அதன் தடம் கண்ணுக்குத் தெரிகிறது. ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்காவைச் சுற்றி 27,000க்கும் மேற்பட்ட பிரேம்கள் எடுத்தார். ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற அவர் புத்தகத்தில் சேர்ந்தவை 83. ஏன் இந்த 83 என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுருளின் எல்லாப் பிரேம்களையும் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்ட அவருடைய கான்டாக்ட் ஷீட்களை இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மேசையில் தினமும் நடப்பதும் அதுதானே. அதில் ஒரு துளியைப் பட்டியலில் சேர்த்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

சமூக ஊடகம் வந்த புதிதில் உங்கள் ஆட்கள் நன்றாகவே செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது, டைம் இதழின் புகைப்பட இயக்குநராக இருந்த கிரா போலக், ஐந்து புகைப்படக்காரர்களுக்கு இதழின் இன்ஸ்டாகிராம் கணக்கையே திறந்துவிட்டார். அவர்களில் பெஞ்சமின் லோவி போனில் எடுத்த அலையின் படம் இதழின் அட்டைக்குப் போனது. பரிந்துரை என்றால் அது. இவரைப் பாருங்கள் என்று சொல்வதோடு நிற்காமல், சாவியையும் கையில் கொடுத்தார். அதே வருடம் பீட்டர் டிகாம்போவும் ஆஸ்டின் மெரிலும் ‘எவ்ரிடே ஆப்பிரிக்கா’வைத் தொடங்கினார்கள். போரும் பஞ்சமும் மட்டுமே படமாகிவந்த ஒரு கண்டத்தில் மாடிப்படி, பள்ளிக்கூடம், முடிதிருத்தும் கடை என்று சாதாரண நாட்களை போனில் எடுத்துப் போட்டார்கள். போகப்போக அந்தந்த ஊர்க்காரர்களே அதில் படம் போடத் தொடங்கினார்கள். இந்தக் கணக்கை யாராவது பரிந்துரைத்தால் ‘ஏன்’ என்று தனியாகக் கேட்கவே வேண்டியதில்லை.

உங்கள் வழியாக எனக்குக் கிடைத்தவர்களில் நான் மறக்காதவர் திமித்ரி மார்கோவ். ரஷ்யாவின் சிற்றூர்களை, அங்கே அநாதை இல்லங்களில் வளரும் பிள்ளைகளை, வழியில் தட்டுப்படும் மனிதர்களைச் செல்பேசியில் எடுத்தவர். 2015இல் படங்களை விற்கும் நிறுவனமான கெட்டி இமேஜஸும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து முதன்முறையாக வழங்கிய நல்கை மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் இவர். தன் போதைப் பழக்கத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுதியவர். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தித்தான் அவர் குறிப்புகளைப் படித்தேன். 2024 பிப்ரவரியில் இறந்துபோனார். இப்போதும் அவரை ஃபாலோ செய்துகொண்டுதான் இருக்கிறேன். புதிதாக எதுவும் வரப்போவதில்லை, அதனால் பழையதற்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். அவர் படங்களில் பனியில் நிற்கும் பிள்ளைகள் பரிதாபத்துக்காக நிற்கிறவர்கள் அல்ல, படம் எடுப்பவரைத் தெரிந்தவர்கள் என்று எழுதி அவரை எனக்குக் காட்டியதும் ஒரு ஆசிரியர்தான். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால், பனியும் ஏழ்மையும் என்று இரண்டு நொடியில் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

சரி, இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023இல், உருவப்படங்களுக்காக ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்த ஒருவர், அவை கேமராவில் எடுத்தவை அல்ல, மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கியவை என்று தானே ஒப்புக்கொண்டார். அதே வருடம் போரிஸ் எல்டாக்சன் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பரிசை வென்றுவிட்டு, படம் செயற்கை நுண்ணறிவால் ஆனது என்று சொல்லி வாங்க மறுத்தார். போனில் பார்க்கும் எனக்கு எது எது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: கேமரா பதிவுசெய்த திருத்தாத மூலக் கோப்பை, அதாவது ராஃபைலைக் கேட்கலாம், முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களைக் கேட்கலாம். இவருடைய ராஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதும் அரை வரி, ‘உத்வேகம்’ என்ற சொல்லை நூறு தடவை எழுதுவதைவிட எனக்குப் பெரிது.

அப்புறம், கொஞ்சம் சங்கடமான கேள்வி. பட்டியலில் போடுகிறீர்களே, இவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கிறீர்கள்? ஃபாலோவர்கள் கூடுவது நல்லதுதான், ஆனால் அதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. 2016இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாஷபிள் தளம் பெண் புகைப்பட இதழாளர்களைப் பற்றிய ஒரு பட்டியலுக்காக ஸ்டெஃபனி சின்க்ளேரின் படத்துக்கு 50 டாலர் தருவதாகச் சொன்னது. அவர் மறுத்தார். உடனே அவருடைய இன்ஸ்டாகிராம் பதிவையே எடுத்துப் பக்கத்தில் பொருத்திவிட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 2020 ஏப்ரலில் ஒரு மாதிரியும் ஜூனில் வேறு மாதிரியும் தீர்ப்பு வந்தது. சட்டம் கிடக்கட்டும். ஒருவரைப் பாராட்டும் பட்டியல், அவர் வேண்டாம் என்ற பிறகும் அவர் படத்தை எடுத்துக்கொள்வது என்ன பாராட்டு?

இதற்கு நேரெதிராக, டேனியலா சல்க்மன் 2017இல் தொடங்கிய ‘விமன் ஃபோட்டோகிராஃப்’ இருக்கிறது. அதுவும் பெயர்ப் பட்டியல்தான். ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் தேடிப் பிடிப்பதற்காகவே உருவான பட்டியல். பெண் புகைப்படக்காரர்கள் கிடைக்கவில்லையே என்று ஆசிரியர்கள் சொன்ன சாக்குப்போக்குக்கு அது இடமில்லாமல் செய்தது. உங்கள் பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், இவருக்கு நான் வேலை கொடுத்தேன், இவருக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன், இவரை வெறுமனே ரசிக்கிறேன் என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். மூன்றாவது ரகத்தில் எந்தத் தப்பும் இல்லை. தெரிந்தால் போதும்.

மற்றதெல்லாம் சில்லறைக் குறைகள். எல்லாப் பட்டியலிலும் அதே பத்துப் பேர் வருகிறார்கள். பத்து லட்சம் பேர் பின்தொடர்கிறவரை நான் எப்படியும் பார்த்துவிடுவேன், எனக்கு நீங்கள் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு படம் போடுகிறவர்களைச் செயலி கீழே தள்ளிவிடுகிறது, அவர்களைச் சொல்லுங்கள். செயலியை விட்டே போய்விட்டவர்களின் இணையதள முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். ட்ரோனில் எடுத்த கடற்கரை போதும்.

இருபத்திரண்டு பேர் வேண்டாம். ஐந்து பேரைக் கொடுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு படம், அந்தப் படத்தில் உங்கள் கண் எங்கே நின்றது என்று நான்கு வரி. முடிந்தால், அவர் அனுப்பி நீங்கள் எடுக்காமல் விட்ட படத்தைப் பற்றியும், அவர் சம்மதித்தால்.

நாலு தட்டுப் படம் எடுத்தவரை இன்னும் பின்தொடர்கிறேன். மிக அரிதாகத்தான் போடுவார். போன வாரம் ஒன்று போட்டிருந்தார்: வெறும் கதவு, பாதி திறந்திருக்கிறது, ஆள் யாரும் இல்லை, குறிப்பும் இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சிறுமி பார்த்துக்கொண்டிருந்த கதவுதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரைப் பரிந்துரைத்த ஆசிரியர் இதைப் படித்தால், தெரிந்தால், எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களை ஒன்றுவிடாமல் படிக்கும் வாசகி