கூத்துக்காரர்கள் திருடர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் தோல்பாவைக்கூத்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் 'கம்பன் பாட்டைத் திருடிக் கேரளத்தார் தங்கள் கலையாக்கிக்கொண்டார்கள்' என்ற அந்த ஒரு வரியைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது கேரளத்தில் ஒற்றப்பாலம் பக்கம். அங்கே பகவதி கோயிலில் இந்தக் கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடத்தின் முன்னால் பல வருடம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் 21 விளக்கு, மான் தோலில் வெட்டிய பாவைகள். கம்பர் பாட்டைத் தமிழிலேயே பாடிவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் நெடுநேரம் பொருள் சொல்வார்கள். சில சொல் மருவியிருக்கும். பாடுகிறவரை ஊரே புலவர் என்றுதான் கூப்பிடுகிறது. தாரிகன் என்ற அசுரனோடு போருக்குப் போனதால் ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுகிற கூத்து அது. பார்க்க ஆள் வராத இரவிலும் அவளுக்காக ஆடுவார்கள். இது யார் பாட்டு என்று கேட்டால் 'கம்பர் பாட்டு' என்று உடனே பதில் வரும். இதில் திருட்டு எங்கே வந்தது?

கம்பரே வால்மீகியிடம் கதையை வாங்கியவர்தான். வடமொழியில் இதைச் செய்த மூவரில் முதல்வரைப் பின்பற்றியதாகப் பாயிரத்திலேயே சொல்லிவிட்டார். அப்புறம் வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைத் தாமே சேர்த்துப் பாடினார். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

பெயரை மறைத்தால்தான் திருட்டு. அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர்ப் பெண்கள் பாடும் கும்மிப் பாட்டு ஒன்பதை எழுதி உங்களுக்கு அனுப்பினேன். பாடிக்கொடுத்த ஐந்து பேரின் பெயரையும் சேர்த்தே அனுப்பினேன். நான்கு பாட்டு வந்தது. ஒரு பெயர்கூட வரவில்லை. 'கொங்கு நாட்டுப் பாடல்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். இதழை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு அம்மா, "என் பேரு எங்க இருக்குது டீச்சர்?" என்று கேட்டார். எழுத்துப் படிக்கத் தெரியாதவர். தாளைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. 1956-ல் கேரளம் அமைந்தபோது எங்கள் தாலுகா கேரளப் பக்கமே இருந்துவிட்டது. அதனால் எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிப் பாடுகிற தமிழர்களுக்குப் பெயர் தேவையில்லை என்று நினைத்துவிட்டீர்களா?

அடுத்த இதழில் அந்தத் 'திருடி' என்ற சொல்லை மட்டும் திருத்தி ஒரு வரி போடுங்கள். முடிந்தால் கும்மி பாடியவர்களின் பெயரையும் போடுங்கள். ஐந்து பேரில் இருவர்தான் இப்போது இருக்கிறார்கள். பட்டியலை மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.