வெயில் மறைப்புக்குப் பின்னால் ஓடும் மின்கம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் தீப்பற்றிய செய்தி வரும்போதெல்லாம், ‘மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது’ என்ற ஒரே வரியோடு அது முடிந்துவிடுகிறது. எந்தக் கம்பி, எந்த இடத்தில், யார் கை வைத்த பிறகு என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகன மின் இணைப்புகளைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். பலரும் சந்தேகிக்காத ஓர் இடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஓட்டுநரின் தலைக்கு மேலே மடங்கிக் கிடக்கும் சன் வைசர்தான் அது.

கோவையிலிருந்து மாலை வேளையில் பாலக்காட்டுச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வைசரின் அருமை தெரியும். கணவாய் வழியே மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பிடி தளர்ந்து தொங்கத் தொடங்கிய என் வண்டியின் வைசரை மாற்ற ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குச் சென்றபோது, கண்ணாடியும் விளக்கும் வைத்த வைசர் கூடுதல் வசதி என்று சொல்லி, அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

கண்ணாடியின் மூடி முழுவதும் மூடாததால் உள்ளே இருந்த 5 வாட் பல்பு இரவு பகலாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. 12 வோல்ட்டில் அது இழுப்பது ஏறக்குறைய 0.4 ஆம்பியர்தான். ஆனால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி என்று கணக்கிட்டால், சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாள்களில் ஏறத்தாழ காலியாகிவிடும். பேட்டரி இறங்கியதோடு போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. வைசரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் மனம் பதறியது. கூரை விளக்கின் கம்பியை நடுவில் சுரண்டி, அதில் புதுக் கம்பியை முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். அந்தக் கம்பி வைசரின் பிடிக்கும் கூரைத் தகட்டுக்கும் இடையில் நசுங்கி, திருகாணியின் மரையோரம் அதன் உறை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

இதன் பொருளை வாசகர்கள் உணர வேண்டும். வைசரின் பிடியை இறுக்கும் திருகாணிகள் கூரையின் இரும்புத் தகட்டில் இறங்குகின்றன. வண்டியின் உடல் முழுவதும் பேட்டரியின் எர்த்; அதாவது அதன் நெகட்டிவ் முனையோடு இணைந்தது. பல கார்களில் வைசர் விளக்குக்கு வரும் மின்சாரம் சாவியை எடுத்த பிறகும் நிற்பதில்லை. எனவே உறை கிழிந்த கம்பி திருகாணியைத் தொட்டால், ஆளில்லாமல் நிற்கும் வண்டியிலும் ஷார்ட் ஆகும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஃபியூஸ் காப்பது அது எந்தக் கம்பிக்காக வைக்கப்பட்டதோ அந்தக் கம்பியை மட்டுமே. 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள லைனில் நூல் போன்ற மெல்லிய கம்பியைக் கோத்தால், ஃபியூஸ் உருகும் முன்பே அந்தக் கம்பி பழுக்கக் காய்ந்துவிடலாம். அதைச் சுற்றி இருப்பதோ ரூஃப் லைனிங்கின் துணியும் பஞ்சும்.

இது வெறும் அச்சம் அல்ல. 2014-ஆம் ஆண்டு ஜூலையில் கிரைஸ்லர் நிறுவனம், 2011 முதல் 2014 வரையிலான மாடல்களைச் சேர்ந்த ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளை, உலகெங்கும் ஏறத்தாழ 9 லட்சம், இதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. பழுதுபார்ப்புக்காகக் கழற்றிய வைசரைத் திரும்பப் பொருத்தும்போது விளக்குக் கம்பி சேதமடைந்து, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே அப்போது கண்டறியப்பட்டது. தேர்ந்த பணிமனையிலேயே நேரக்கூடிய பிழை, தெருவோரத்தில் அவசரமாகச் செய்யும் வேலையில் நேராது என்று எப்படி நம்புவது?

சரியாகச் செய்வது கடினமும் அல்ல. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். வைசரோடு வரும் கம்பி அதன் உள்ளீடற்ற தண்டின் வழியாக வருகிறது; வைசரைப் பக்கவாட்டு ஜன்னல் பக்கம் திருப்பும்போது அதுவும் முறுக்கப்படுவதால், இழுபடாத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். கம்பியைத் துளைக்குள் முழுவதும் செலுத்தி, ஓரமாக ஒதுக்கிய பிறகே பிடியை வைத்துத் திருகாணியை இறுக்க வேண்டும். பழைய திருகாணி தொலைந்துவிட்டதென்று நீளமான ஒன்றை ஒருபோதும் போடக் கூடாது. இணைப்புக்கு டேப் போதாது, கம்பிகளின் முனைகளைப் பூட்டி இணைக்கும் கப்ளர் வேண்டும். லைனிலிருந்து பிரியும் இடத்திலேயே 2 அல்லது 3 ஆம்பியரில் தனி ஃபியூஸ் வேண்டும். இவற்றுக்கான பொருள் செலவு மிகச் சொற்பம்.

முன் கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூண் வழியாகக் கம்பியைக் கீழே இறக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பக்கவாட்டு ஜன்னல்களை மறைத்துத் திரைபோல் விரியும் ஏர்பேக் உள்ள வண்டிகளில், அது கூரையின் ஓரமாக மடித்து வைக்கப்பட்டு, பெரும்பாலும் அந்தத் தூண் வரை வருகிறது. அதன் குறுக்கே கம்பியைக் கட்டுவது, விபத்தின்போது அது விரிவதற்குத் தடையாகலாம். ஏர்பேக் இணைப்புகளான மஞ்சள் நிற கப்ளர்களைத் தொடவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. முன் பயணி இருக்கைக்கு ஏர்பேக் உள்ள கார்களில், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வைசரில்தான் ஒட்டப்பட்டிருக்கும். புதிய மாடல்களில் அந்த ஏர்பேக் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். கடையில் வாங்கும் வைசரில் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வைசர், கேமரா, விளக்கு என எதைப் பொருத்தினாலும், எந்த லைனிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடப்பட்டது என்பதைக் கடைக்காரர்கள் பில்லிலேயே எழுதித் தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். ஏற்கெனவே விளக்கு வைத்த வைசர் மாட்டியிருப்பவர்கள், இன்றிரவு வண்டியை அணைத்துவிட்டு, கண்ணாடி மூடியை மூடி, அதன் விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா என்று இருட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கசிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.