ஏட்டிக்குப் போட்டி

சிவமயம்

அன்பு மகன் சாத்தப்பனுக்கு, அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம்.

வீட்டைப் பழுதுபார்ப்பது குறித்துப் பங்காளிகள் கூடியபோது, சிங்கப்பூரிலிருந்து நீ தொலைபேசியில் எழுப்பிய மறுப்புகளைப் பற்றியே இக்கடிதம். இரண்டாம் வளவின் (உள்முற்றத்தின்) பர்மா தேக்குத் தூண்களை விற்று ஓடு மாற்றலாம் என்று அனைவரும் ஒருமுகமாகச் சொன்னபோது, தூண்களை எடுத்தால் தாழ்வாரப் பத்தியின் பாரத்தை எது தாங்கும் என்று நீ ஒருவன்தான் கேட்டாய். கூட்டத்தில் தலையாட்டிய உன் சித்தப்பா, மறுநாள் தனியே வந்து உத்தரத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தமக்கும் அதே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்.

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையை நீ அறிந்திருப்பாய். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலையில், மற்றவர்கள் முன்னேற்பாட்டின்படி தவறான விடையையே சொல்ல, சோதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால், அவர் சொன்னதும் தவறாகவே இருந்தால்கூட, அவ்வாறு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. ஆகவே மறுப்பவன் தவறினாலும் பயன் உண்டு என்று நீ வாதாடலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சிறிது நேரம் கூடிக் கலைந்தவர்கள். நாமோ முன்னோர்க்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆயுள் முழுவதும் ஒரே பட்டாலையில் உட்கார வேண்டியவர்கள்; யார் எதற்கெல்லாம் 'கூடாது' என்றார் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். சுண்ணாம்பின் நிறம், படைப்பின் தேதி, கொத்தனார் யார் என்பது வரை நீ முட்டுக்கட்டை போட்ட பிறகுதான் தூண்களின் பேச்சே வந்தது. அதற்குள் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

காரைக்குடியில் சீர்திருத்தவாதி சொ. முருகப்பா கைம்பெண் மறுமணத்தைப் பேச்சோடு நிறுத்தாமல், கைம்பெண்ணாக இருந்த மரகதவல்லியைத் தாமே மணந்தார். 1930களில் அதற்கென்றே 'மாதர் மறுமணம்' என்ற இதழும் இங்கிருந்து வந்தது. ஊர் ஏற்காத ஒன்றை அவர்கள் இருவரும் தம் வாழ்க்கையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஊர் ஆம் என்றால் இல்லை என்பது அந்த வகையில் சேராது; அது வெறும் வீம்பு. உனக்கு இரண்டும் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு. (உன் ஆத்தா, இந்த வீம்பு தன் வழியில் வந்ததல்ல என்று எழுதச் சொன்னாள்.)

அடுத்த கூட்டம் தை மாதம் கூடுகிறது. அதற்கு முன் ஒரு பொறியாளரை அழைத்துத் தூண்களைக் காட்டப்போகிறேன். நீ கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில் எழுதி அனுப்பு. சுண்ணாம்பு எந்த நிறமாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
அப்பச்சி