சோறு ஊட்டுகிறவர் குழுவில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் 40 வருடம் லுங்கித் தறி நெய்தவன் நான். இப்போது என் வேலை, இரண்டரை வயதுப் பேரனுக்குச் சோறு ஊட்டுவது. மருமகள் காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

எங்கள் பால்வாடி டீச்சர், அம்மாக்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். நல்ல காரியம். குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், எது கூடாது என்று தினமும் 11 மணிவாக்கில் செய்தி வரும். ஆனால் வேலையிடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். என்னிடம் இருப்பதோ பட்டன் போன்.

போன மாதம் ஒரு மத்தியானம், வறுத்த வேர்க்கடலை நாலைந்தைத் தோல் நீக்கிப் பையனிடம் கொடுத்தேன். ஒன்று புரையேறிவிட்டது. கண் சிவந்து, மூச்சு இழுத்து, குப்புறப் போட்டு முதுகில் தட்டிய பிறகே வெளியே வந்தது. அன்று ராத்திரி மருமகள் போனைப் பார்த்துப் படிக்கிறாள்: சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும், அரைத்துக் கொடுங்கள். செய்தி வந்த நேரம் 11.05. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொறையை டீயில் தோய்த்துக் கொடுப்பதும் அந்தக் குழுவால்தான் நின்றது. சோற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்குமாம். இரண்டு நாள் அழுதான், சரி, மூன்றாம் நாள் மறந்துவிட்டான்.

படங்கள்தான் அந்நியம். ஒருநாள் தட்டு நிறைய ப்ரோக்கோலி. எங்கள் பக்கம் யார் வாங்குகிறார்கள்? கேழ்வரகுக் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கீரைக் கடைசலில் புரட்டிக் கொடுத்தால் பத்து உருண்டை உள்ளே போகும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை மசித்துப் பிசைந்த சோற்றைப் படம் போட்டால் குறைந்தா போய்விடும்?

மறுநாளுக்கான செய்தியை முதல்நாள் ராத்திரியே, அதுவும் பேசி அனுப்பினால், மருமகள் அடுப்படியில் கேட்கும்போது என் காதிலும் விழும். அப்புறம், சத்துமாவு வாங்கப் போவது நான்தான். அன்றைக்கு வரும் தாத்தா பாட்டிகளைப் பத்து நிமிடம் உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லலாம்.

டீச்சரிடம் கேட்டேன். "ஃபார்ம்ல அம்மா நம்பர்தான் இருக்கு தாத்தா" என்றார். அதில் 'குழந்தைக்கு ஊட்டுபவர்' என்று இன்னொரு கட்டம் சேர்க்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தறித் தொழிலாளி ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.