பிரேக் லைட் எரியாத காரை ‘ஓகே’ போட்டுத் திருப்பிக் கொடுத்தது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் 2009 மாடல் பெட்ரோல் காரை, பிரேக் லைட் எரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போன மாதம் உங்கள் சேலம் கிளையில் விட்டேன். மூன்று பல்பு, ஒரு ஃபியூஸ், எலக்ட்ரிக்கல் செக்கப் கூலி என்று மொத்தம் 2,350 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஜாப் கார்டில் பிரேக் லைட்டுக்கு நேராக ‘ஓகே’ என்று எழுதி வண்டியைக் கொடுத்தார்கள். அந்த ‘ஓகே’யை நம்பித்தான் குடும்பத்தோடு ஏற்காடு போனேன். இறங்கும்போது பின்னால் வந்த பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். ஒதுங்கி நின்றதும் பக்கத்தில் நிறுத்தி, “சார், பிரேக் போட்டா பின்னாடி லைட்டே வரல, பாத்து இறங்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக் மிதித்தாக வேண்டும், மிதிப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழே வந்ததும் உங்கள் சர்வீஸ் அட்வைசருக்கு போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே, “பழைய வண்டி சார், வயரிங் போயிருக்கும், மொத்தமா மாத்தணும், பதினாலாயிரம் ஆகும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

எங்கள் தெரு முனையில் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஹாரன் அடித்துப் பார்த்தார். என் காரில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான், ஹாரன் அடிக்கிறது என்றால் ஃபியூஸில் கோளாறு இல்லை. இடது, வலது, பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே நடுவில் இருப்பது, மூன்றும் சேர்ந்தாற்போல் எரியவில்லை என்றால் பல்பும் காரணமாக இருக்காது என்றார். அப்புறம் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, அதில் இருந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். பின்னால் மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன. வயரிங் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் போச்சு என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

சுவிட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெடல் மேலே இருக்கும்போது சுவிட்சில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குச்சியை, அதாவது ‘பின்’னை, அமுக்கிப் பிடித்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். மிதித்ததும் அந்தப் ‘பின்’ ஸ்பிரிங்கால் வெளியே வந்து கரண்ட் போக வேண்டும், வேலை அவ்வளவுதான். என்னுடையதில் விரலால் அமுக்கினால் உள்ளே போன பின் அப்படியே நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒரு பாதி வெளியே வந்தது. பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. சில நேரம் எரிவதும் சில நேரம் எரியாததும் இதனால்தான். உங்கள் ஆட்கள் பல்பு மாற்றியபோது தற்செயலாக ஒரு முறை எரிந்திருக்கும், அதைப் பார்த்து ‘ஓகே’ போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். புது சுவிட்ச் 280 ரூபாய், மாட்டி, அந்தப் ‘பின்’ சரியாக அமுங்கும்படி லாக் நட்டை வைத்து அட்ஜஸ்ட் செய்ததற்கு 200 ரூபாய் கூலி. பதினாலாயிரம் எங்கே, இது எங்கே?

வண்டி பழசு என்பதை ஒரு பதிலாக நான் ஏற்க மாட்டேன். பதினைந்து வருடம் முடிந்து ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்சி புதுப்பித்த வண்டி இது. பழைய வண்டியில் சுவிட்ச் தேய்வது சகஜம், அதனால்தானே முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும்? டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் பிரேக் லைட் எரிகிறதா என்று தெரியாது. ஒருவர் பெடலைப் பலமுறை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டிய சோதனை அது. அதற்காகத்தான் உங்களிடம் பணம் கொடுத்தேன்.

எனக்கு வேண்டியது இதுதான். 2,350 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய பல்புகளைக் கொடுங்கள், அவை நல்ல பல்புகள். பார்க்காமலே வயரிங் மாற்றச் சொன்னது ஏன் என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிரேக் லைட் புகாரோடு வரும் எந்த வண்டியையும் பெடல் சுவிட்சைப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது என்று உங்கள் கிளைகள் எல்லாவற்றுக்கும் சொல்லுங்கள். பணம் வராவிட்டாலும் இதையாவது செய்யுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இது முக்கியம்.

15 நாளில் பதில் வரவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அதற்கும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது. பில், ஜாப் கார்டு, சுவிட்சின் படம் மூன்றும் இணைத்திருக்கிறேன். சுவிட்ச் என்னிடமே இருக்கிறது, ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேலம் கிளை வாடிக்கையாளர்